ஷேக் அலாவுதீன் கோடாலி வாங்கிய கதை

பினாங்கில் விறகு பிளக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஆனால் விறகு பிளப்பதைப் பற்றி மூச்சு விடாமல் பேசத் தெரிந்து, ஒரு சுள்ளியைக்கூடப் பிளக்காமலே தாடி நரைத்தவர் ஷேக் அலாவுதீன் ஒருவர்தான்.

கடற்கரைத் தெருவில் இருந்த ஒரு பெரிய இரும்புக் கடையில் அவர் சாமான் எடுத்துக் காட்டி விற்பவர். தோட்டத்துக் கங்காணிகள், மரம் அறுக்கிறவர்கள், கப்பல்காரர்கள் என்று கடைக்கு ஆள் ஓயாது. யாராவது வந்து கோடாலி ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் போதும், அலாவுதீன் அதை மெல்ல அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். குழந்தை கையில் கண்ணாடிப் பாத்திரம் போனால் தாய் வாங்குவாளே, அப்படி.

"அண்ணே, மரம் சாய்க்கிற கோடாலி வேறே, வெறகு பொளக்கிற கோடாலி வேறே. சாய்க்கிறதுக்கு ஒல்லி வாய் வேணும். பொளக்கிறதுக்குக் கன்னம் உப்பியிருக்கணும். ஒல்லி வாயி கட்டைக்குள்ள போயி மாட்டிக்கும். உப்புன கன்னந்தான் கட்டைய ரெண்டாத் தள்ளும்லா!"

அவ்வளவும் உண்மை. அவர் சொன்னதில் ஒரு சொல் பிசகு கிடையாது. கங்காணிகள் வாயைப் பிளந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அலாவுதீன் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். இரும்போடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியும் உள்ளங்கையில் ஒரு காய்ப்புக் கிடையாது, பூப்போல இருக்கும்.

வீடு சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில். அங்கே அவர் மனைவி ஹபீபா பீவி, ஜெலுத்தோங்கிலிருந்து மாட்டு வண்டியில் வரும் பக்காவ் விறகை வாங்கி, தேங்காய் உடைக்கிற கொடுவாளை அதன் தலையில் வைத்து ஒரு கட்டையால் தட்டித் தினமும் அடுப்பெரித்துக்கொண்டிருந்தாள். சதுப்பு நிலத்துப் பக்காவ் கோடு பிசகாமல் வளர்கிற மரம். தட்டினால் பிளந்துகொள்ளும். அலாவுதீன் அந்தக் காட்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் பார்வையில் அது விறகு பிளப்பதே அல்ல.

இந்த வீட்டில் ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் சுலைஹாவுக்குப் பதின்மூன்று வயதில் விஷக் காய்ச்சல் கண்டு, பிள்ளை பிழைக்காது என்று எல்லாரும் கைவிட்ட நேரத்தில், ஹபீபா பீவி கையேந்தி அழுது சொன்னாள்: என் பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் ஒரு பெரிய சட்டி நெய்ச்சோறு ஆக்கி ஏழைபாழைகளுக்குப் போடுகிறேன். பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். ஓடியாடவும் செய்தாள். சோறுதான் இன்னும் வேகவில்லை.

காரணம், அந்தச் சந்து வீடுகளில் இருந்த ஒரு வழக்கம். நேர்ச்சைச் சட்டிக்கு அடுப்பு மூட்டும் முதல் கைப்பிடி விறகை அந்த வீட்டு ஆண்மகன் தன் கையால் பிளந்து போட வேண்டும். கூலியாள் கை படக் கூடாது. அதன்பின் எந்த விறகையும் யார் வேண்டுமானாலும் போடலாம். ஒரு கைப்பிடி! வேறு எந்த வீட்டிலாவது ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் முடிகிற காரியம்.

அலாவுதீன் வீட்டில் நாலு வருஷமாக முடியவில்லை.

"நேர்ச்சை காரியம் புள்ள, கண்ட இரும்பாலயும் செய்யப்படாது. தகுந்த கோடாலி அமையட்டும்" என்றார் அவர். முதலில் ஒல்லி வாய்க் கோடாலி ஒன்று வீட்டுக்கு வந்தது. அது மரம் சாய்க்கத்தான் லாயக்கு என்று அவரே அதன்மேல் தீர்ப்பெழுதி மூலையில் சாத்தினார். பிறகு இரட்டை வாய்க் கோடாலி. அதை ஓங்கினால் ஒரு வாய் கட்டையைப் பார்க்கும், மறு வாய் நம் நெற்றியைப் பார்க்கும் என்று அதுவும் மூலைக்குப் போயிற்று. மலாய்க்காரர்களின் பிலியோங் கோடாலி வந்தது, காம்பு குட்டை என்று இரண்டே நாளில் பதவி இழந்தது. இன்னொன்று கனம் போதாது, மற்றொன்று கனம் அதிகம். சீமையிலிருந்து கப்பலில் ஒன்று வருகிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தார்கள். வந்ததும் அதன் காம்பில் ரேகை கோணல் என்று கண்டுபிடித்தார். ஒன்றையும் திருப்பிக் கொடுத்ததில்லை. எல்லாவற்றின் காம்புக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தடவி, சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்தார். வருகிறவர்களை முதலில் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி விளக்கிவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்.

ஹபீபா பீவிக்கு அந்தச் சுவரைப் பார்த்தாலே நேர்ச்சைக் கடன்தான் கண்முன் நிற்கும். மகளுக்குச் சாதாரணச் சளி பிடித்தால்கூட, கொடுத்த வாக்குக்கு மேலேயிருந்து கணக்குக் கேட்க வந்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றும். விடிய விடிய மகளின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் அலாவுதீன் நிம்மதியாகக் குறட்டை விடுவார்.

சுலைஹாவுக்குப் பதினேழு வயதில் நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை ஈப்போவில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். நிக்காஹ்வுக்கு நாள் குறித்த அன்றைக்கே ஹபீபா பீவி புருஷன் முன்னால் வந்து நின்றாள். இருபது வருஷத்தில் குரலை உயர்த்திப் பேசாதவள்.

"கேளுங்க மச்சான். நேர்ச்சைக் கடனத் தலையில வச்சுக்கிட்டு எம்புள்ள இந்தப் படியத் தாண்ட மாட்டா. வர்ற வியாழக்கிழமை சட்டி ஏறணும். இல்லன்னா மாப்பிள்ளை வீட்டுக்கு நானே ஆள் விட்டுச் சொல்லிப்புடுவேன், கல்யாணம் இல்லேன்னு."

அலாவுதீன் சிரித்தார். தகுந்த கோடாலி போன மாதம்தான் அமைந்திருந்தது! கன்னம் இரண்டும் உப்பி, பிடரி தடித்து, காம்பு நூல் பிடித்த மாதிரி நேராக. சாஸ்திரப்படி குறையே இல்லை. உலகத்தில் விறகு பிளப்பதற்கென்று ஒரு கோடாலி இருக்குமானால் அது அதுதான். அவர் அதை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

ஆனால் அதன் வாய் மொட்டையாக இருப்பதாக அவருக்கு ஒரு மனக்குறை. சாணைக் கல்லை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கடை விட்டு வந்ததும் தீட்டுவார், சாப்பிட்டு எழுந்ததும் தீட்டுவார். ஒரு மயிரை அதன் வாயில் வைத்து ஊதினால் இரண்டாக வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆயிற்று. மயிர் இரண்டாயிற்று. உப்பியிருந்த கன்னம் இரண்டும் காய்ச்சலில் கிடந்தவன் கன்னம் மாதிரி ஒட்டிப்போயின. ஊருக்கெல்லாம் உபதேசித்த மனிதர், விறகுக் கோடாலியை மரம் சாய்க்கிற கோடாலியாகத் தன் கையாலேயே தீட்டி முடித்திருந்தார். அது மட்டும் அவர் கண்ணில் படவேயில்லை.

வியாழக்கிழமை காலையில் சந்தில் குழியடுப்பு வெட்டியாயிற்று. பண்டாரி காஜா மொய்தீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, அரிசியைக் களைந்து, நெய்யை எடுத்து வைத்துவிட்டார். சமையலுக்கு வந்தவர் என்றாலும், அடுப்பு மூளும்வரை அவருக்கு வேலை இல்லை. விறகு வண்டிக்காரர் சின்னையா ஒரு வண்டி பக்காவ் கொண்டுவந்து இறக்கினார். அலாவுதீன் அதைத் தொடவில்லை.

"இத எங்க வீட்டுப் பொம்பளையே பொளந்துருவா. நேர்ச்சைக்கு இதையா பொளக்கிறது? புளியங்கட்டை சொன்னேனே, எங்க?"

சின்னையா வண்டியின் அடியிலிருந்து அதை உருட்டித் தள்ளினார். இரண்டு பேர் கட்டிப் பிடிக்கிற பருமன். நரம்பு நரம்பாக முறுக்கிக்கொண்டு, முடிச்சு முடிச்சாக இருந்தது.

"தேடிப் புடிச்சேண்ணே. யானை மிதிச்சாலும் பொளக்காது" என்றார் சின்னையா பெருமையாக. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அலாவுதீன் கைலியை மடித்துக் கட்டினார்.

சந்தே கூடிவிட்டது. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் பசித்த சனம் பாத்திரத்தோடு வந்துவிடும். அலாவுதீன் பிஸ்மி சொல்லிக் கோடாலியை ஓங்கினார். இறக்கினார். வாள்போன்ற அந்த வாய் புளியங்கட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போய்ப் பிடரிவரை இறங்கி உட்கார்ந்தது. கட்டை பிளக்கவில்லை. கோடாலியும் வரவில்லை.

இழுத்தார். அசைத்தார். கட்டைமேல் ஏறி நின்று இழுத்தார். எண்ணெய் விடுங்க என்றார் ஒருவர், தண்ணி ஊத்துங்க என்றார் மற்றவர். பண்டாரி ஒரு கை பிடிக்க வந்தார்.

"தொடாதீங்க! கூலியாள் கை படப்படாது" என்று கத்தினார் அலாவுதீன்.

"நான் கூலிக்கு வந்தாலும் மனுஷந்தானே" என்று முனகிக்கொண்டு பண்டாரி பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார்.

வெயில் உச்சிக்கு வந்தது. தொழுகை முடிந்து சனம் வந்து சந்தின் இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்துவிட்டது. கவிழ்த்த சட்டியையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹபீபா பீவி வாசலில் நின்றாள். அவள் திட்டவில்லை. முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அலாவுதீன் தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை அவர் நாலு வருஷத்துக்கு முன்னால், மகள் பாயில் கிடந்த அன்றைக்குப் பார்த்திருக்கிறார். இவள் இன்னும் அந்தப் பாயின் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

கண்ணை மூடிக்கொண்டு, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தார். படீரென்று ஒரு சத்தம். சனம் ஆரவாரம் செய்தது. பிளந்தது கட்டை அல்ல. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்த காம்புதான் அடியிலிருந்து நுனிவரை இரண்டாகப் பிளந்து அவர் கையோடு வந்திருந்தது.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சின்னையா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அலாவுதீன் கையில் இருந்ததைப் பார்த்தார். நன்றாகக் காய்ந்த மரம். எண்ணெய் ஊறிய மரம். தன் கையால் பிளந்த மரம். வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது சுவரில் மாட்டியிருந்த அத்தனையும் அவர் தோளில் இருந்தன. இரும்புத் தலைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றிப் போட்டார். ஒவ்வொன்றும் விழும்போது அவர் முகம் கோணியது. அது அவருக்கு லேசான காரியம் இல்லை, பாவம்.

"ஹபீபா, அந்தக் கொடுவாளக் கொண்டா."

கொடுவாளைக் காம்பின் தலையில் வைத்துக் கட்டையால் தட்டினார். பிளந்தது. அடுத்ததைத் தட்டினார். அதுவும் பிளந்தது. விறகு பிளப்பது இவ்வளவு சுகமான வேலை என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. ஒரு கைப்பிடிக்கு மேலேயே சேர்ந்தது. பண்டாரி நெருப்பு வைத்ததும் எண்ணெய்க் காம்புகள் குபீரென்று பற்றின. அதன்மேல் சின்னையாவின் பக்காவ் ஏறியது. சட்டி ஏறியது.

நேர்ச்சைச் சோறு சனத்துக்குப் போய், வீட்டுக்காரர்களுக்குக் கடைசியில்தான். அலாவுதீன் முறை வந்தபோது அடிச்சட்டியில் தீய்ந்து ஒட்டிய சோறுதான் மிச்சம் இருந்தது. அதைச் சுரண்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஹபீபா பீவி எதிரே உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"இன்னிக்கு நான் தூங்குவேன் மச்சான்" என்றாள்.

நாலு வருஷம் அவள் பக்கத்திலேயே குறட்டை விட்டுப் படுத்திருந்த மனிதர் தீய்ந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றார்.