விட்டு விட்டு வந்த டயல் டோன்

அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் ஒரு டாக்டர் வாயில் எதையோ மென்றுகொண்டே நோயாளியின் வயிற்றுவலியைப் பற்றிச் சொல்லுவார். சேலையூரில் படுக்கையறை மூலையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதை ஒரு சொல் பிசகாமல் தட்டச்சு செய்வதுதான் துர்காவின் வேலை. விலங்கியல் படித்தவள். தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து, மகள் அஞ்சலி பிறந்ததும் விட்டுவிட்டாள். பிள்ளை எல்.கே.ஜி. போகத் தொடங்கியதும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கற்றுக்கொண்டாள். நுங்கம்பாக்கத்து ஆபீஸ் ஒன்று வீட்டிலிருந்தே செய்யச் சொல்லி வேலை கொடுத்தது.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு, மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி போன் லைன் வழியாக நெட் இணைப்புக் கொடுத்ததும் குரல் பதிவுகளை இறக்கிக்கொள்வாள். சாயந்திரத்துக்குள் தட்டச்சு செய்ததை ஏற்றிவிடுவாள். இடையில் யாராவது போன் செய்தால் இணைப்பு அறுந்துவிடும். யாருடைய அழைப்பும் தவறக் கூடாதென்று லைன் உபயோகத்தில் இருக்கும்போதே அடுத்த அழைப்பை உள்ளே விடும் கால் வெயிட்டிங்கை எப்போதோ வாங்கி வைத்திருந்தார்கள். அதுவே அவளுக்கு எமனாக வந்து வாய்த்தது.

வீட்டில் பகல் நேரத்தில் இருப்பவர் மாமனார் கங்காதரன் மட்டும்தான். கணவன் ஏகநாதனுக்குப் படப்பைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. போவதும் வருவதும் தூங்குவதுமாகவே அவன் வாரம் ஓடிவிடும். கங்காதரன் பள்ளி ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் பேச்சைக் குறைத்துக்கொண்டார். காலையில் நடக்கப் போவார். நடந்து முடிந்ததும் சானடோரியம் ரயில் ஸ்டேஷன் பெஞ்சில் தம் வயதுக்காரர்களோடு வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். மகன் கொடுத்த பழைய செல்போன் ஒன்று சட்டைப்பையில் கிடக்கும். அதற்கு யாரும் பேசியதாக துர்காவுக்கு நினைவில்லை.

ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சமாக இருந்த ஒரு கோடையில் ஒருநாள் துர்கா ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டிருந்தாள். முடியப் போகிற நேரத்தில் அதே லைனில் ஹாலில் இருந்த இன்னொரு போனை கங்காதரன் எடுத்துவிட்டார். இணைப்பு போயிற்று. துர்காவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"போனைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை மாமா சொல்றது!"

அவர் ரிசீவரைக் கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பதுபோல் மெதுவாக வைத்தார். அதற்கப்புறம் அந்தப் போன் பக்கம் அவர் போய் துர்கா பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று துர்கா நினைத்தாள். வேலை நெருக்கடியில் அது தள்ளிப் போயிற்று. அடுத்த சில நாட்களில் மேடவாக்கத்திலிருந்து அக்கா சக்தி சும்மா பேசலாமென்று போன் செய்ய, மறுபடியும் இணைப்பு அறுந்தது. அன்று துர்கா யாரையும் திட்டவில்லை. கீபோர்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். கங்காதரன் கதவருகில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மோடம் வேலை செய்யவில்லை. கிளிக் என்று ஒரு சத்தம், பிறகு திரையில் ஒரு பெட்டி: டயல் டோன் இல்லை.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். டோன் இருந்தது. வைத்துவிட்டு மறுபடியும் டயல் செய்யச் சொன்னாள். டயல் டோன் இல்லை என்றது. ரிசீவரை எடுத்தாள். இருந்தது. கையில் பிடித்துப் பார்க்கிற பொருளை இல்லையென்று ஒருவன் சாதிப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

கேம்ப் ரோடில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த தனசிங்கைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒயரை இந்த ஓட்டையிலிருந்து அந்த ஓட்டைக்கு மாற்றினார். புது ஒயர் போட்டார். ஹாலில் இருந்த போனைக் கழற்றி அலமாரி மேல் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"மோடம் போயிருக்கும்க்கா. இடி மின்னல்ல இப்படித்தான் அடிச்சிட்டுப் போயிடும்."

"ஒரு சொட்டு மழையைக் காணோம். இடி எங்க தனசிங் இடிச்சது?"

அவர் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். அங்கே கடை லைனில் மாட்டியதும் மோடம் முதல் தடவையிலேயே கத்தியது, இணைப்பு கிடைத்தது. திரும்பவும் வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டினால் டயல் டோன் இல்லை.

"கம்ப்யூட்டர் நல்லா இருக்குக்கா. உங்க லைன்லதான் ஏதோ இருக்கு" என்று தனசிங் கையைத் துடைத்துக்கொண்டார்.

புகார் கொடுத்ததும் லைன்மேன் துரைராஜ் வந்தார். வெளிச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து, இடுப்பில் தொங்கிய டெஸ்ட் போனை மாட்டிக் கேட்டுவிட்டு அதை அவளிடம் நீட்டினார்.

"டோன் கீது பாரு மேடம். நீயே கேளு."

துர்கா கேட்டாள். நாள் முழுக்க முனகல்களையும் இருமல்களையும் கேட்டுப் பழகிய காது. அந்த டோன் முதலில் விட்டு விட்டு வந்தது. விக்கல் எடுத்த ஆள் பேச ஆரம்பிப்பதுபோல்.

"திக்குதே. முன்னாடி இப்படி இருக்காதே?"

"டோன்ல இன்னா மேடம் திக்கறது, பேசறது? நம்பர் போட்டா போதா? போவுது. அப்போ லைன் சுத்தமா கீது. கம்ப்யூட்டர்லதான் பேஜாரு. ஆளை வச்சுப் பாரு."

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். கம்ப்யூட்டர்காரர் லைன் என்கிறார், லைன்காரர் கம்ப்யூட்டர் என்கிறார். எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் ஓடவில்லை. அன்று ராத்திரி ஏகநாதனிடம் புலம்பினாள். அவன் தூக்கத்திலேயே, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தியா?" என்றான்.

பிரவுசிங் சென்டருக்குப் போய்ச் சமாளிக்கப் பார்த்தாள். முடித்து வைத்திருந்ததைப் பிளாப்பியில் கொண்டுபோய் அனுப்ப முடிந்தது. ஆனால் புதிய குரல் பதிவுகள் பிளாப்பியில் அடங்கவில்லை. கெடு தாண்டியது. ஆபீசிலிருந்து ஒருவரும் ஏன் என்று கேட்காதது அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. கடைசியில் அவளே மேற்பார்வையாளர் ரமாவுக்குப் போன் செய்தாள்.

"சொல்லுங்க துர்கா. உங்களை நாங்க தொந்தரவு பண்ணக் கூடாதாமே?" ரமாவின் குரல் விறைப்பாக இருந்தது.

"எனக்குப் புரியலை மேடம்."

"ரெண்டு தடவை உங்க வீட்டுக்குக் கூப்பிட்டேன். யாரோ பெரியவர் எடுத்து, 'அவ வேலையா இருக்கா, ஆறு மணிக்கு மேல பேசுங்க'ன்னு வச்சிட்டார். வேலை ஒண்ணும் வரலையே, அப்புறம் என்ன வேலையா இருக்கீங்க?"

துர்கா ஏதேதோ சொல்லி ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு போனை வைத்தாள். பெரியவர் என்றால் மாமாதான். ஆனால் அவர் எந்தப் போனில் பேசினார்? ஹால் போன் அலமாரி மேல் கிடக்கிறது. இருக்கிற ஒரே போன் அவள் மேஜையில், முழங்கைக்குப் பக்கத்தில். அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. யோசித்தால், அந்த வாரம் முழுக்கவே அது அடிக்கவில்லை. தான் குளிக்கப் போனபோது வந்து எடுத்தாரா? எடுத்து, வேண்டுமென்றே வேலையைக் கெடுக்கிறாரா? அன்று திட்டியதை மனசில் வைத்துக்கொண்டா? அப்படிப்பட்ட மனுஷரில்லை என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம் சந்தேகம் அது பாட்டுக்கு வளர்ந்தது. கங்காதரன் நடக்கப் போயிருந்தார். கேட்கவும் ஆளில்லை.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சக்தி இறங்கினாள். பின்னால் நாலு காலிக் குடங்கள். முகம் சிவந்திருந்தது.

"உன் வீட்டுக் கிணத்துல நாலு குடம் தண்ணி கேட்டா குறைஞ்சா போயிடும்?" வாசற்படி ஏறும் முன்பே ஆரம்பித்தாள். "எங்க அபார்ட்மெண்ட்டுக்கு லாரி வந்தே நாளாகுது. போன் பண்ணா உன் மாமனார் எடுத்து, நீ வேலையா இருக்கன்னு சொல்றார். தண்ணிக்காகத்தான்னு சொல்லுங்கன்னேன். நீ ஒரு வார்த்தை திரும்பிக் கூப்பிடல. அவ்ளோ பெரிய ஆளாயிட்டியா?"

"அக்கா, சத்தியமா எனக்குப் போனே வரல. இந்தப் போன் அடிக்கவே இல்லை."

"அப்போ நான் பேசினது யாருகிட்ட? அவர் குரல் எனக்குத் தெரியாதா? பேசும்போது பின்னாடி ட்ரெயின் போச்சு, அறிவிப்பெல்லாம் கேட்டுது."

"நம்ம வீட்டுல ஏதுக்கா ட்ரெயின்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துர்கா அக்காவின் செல்போனை வாங்கித் தன் வீட்டு நம்பரையே போட்டாள். காதில் மணி அடிப்பது கேட்டது. மேஜை மேலிருந்த போன் செத்ததுபோல் கிடந்தது. சக்தி குனிந்து அதைத் தொட்டுக்கூடப் பார்த்தாள்.

"ஹலோ" என்றது ஒரு குரல். "துர்கா வேலையா இருக்கா. ஆறு மணிக்கு மேல பேசுங்க. யாரு பேசினதுன்னு சொல்லட்டும்?"

"மாமா, நான் துர்கா பேசறேன்."

அந்தப் பக்கம் தாம்பரம் செல்லும் வண்டி இரண்டாவது பிளாட்பாரத்தில் வருவதாக அறிவிப்பு கேட்டது.

"நீ எப்படிம்மா இந்த நம்பர்ல வந்த?" என்று கங்காதரன் குழம்பிப்போய்க் கேட்டார்.

"நான் நம்ம வீட்டுக்குத்தான் மாமா போன் பண்ணேன்."

அவர் வெயிலில் வேர்க்க வேர்க்க வந்து சேர்ந்தார். இரண்டு பெண்கள் ஹாலில் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"நீ அன்னிக்கு அழுதியேம்மா" என்றார். "போன் வந்தாத்தானே கட் ஆகுதுன்னு தோணிச்சு. எங்ககூட உக்கார்ற தட்சிணாமூர்த்தி டெலிபோன்ல இருந்து ரிடையர் ஆனவர். அன்னிக்குச் சாயந்திரமே அவரைப் போய்ப் பார்த்தேன், அவர்தான் நம்பர் சொல்லிக் கொடுத்தார். அதைப் போட்டா வீட்டுக்கு வர்ற போனெல்லாம் என் செல்லுக்கு வந்துடும். மறுநாள் நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?"

"சொன்னா வேணாம்ப. ஆபீஸ்ல கூப்பிட்டதையும் உங்க அக்கா பேசினதையும் உன்கிட்ட வந்து சொன்னேனே! தண்ணி வேணுமாம்னேன். நீ ம்னு தலையை ஆட்டின."

எப்போது என்று அவள் கேட்கவில்லை. ஹெட்போன் காதில் இருக்கும்போது யார் கதவருகில் நிழலாடினாலும் தலையாட்டுவது அவள் வழக்கம். காதில் டாக்டர் பேசிக்கொண்டிருந்திருப்பார். சக்திக்குக் கோபம் இறங்கிவிட்டது. ஆனால் அதை ஒத்துக்கொள்ள மனசில்லாமல் குடங்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கிணற்றடிக்குப் போனாள்.

கங்காதரன் தட்சிணாமூர்த்திக்குப் போன் போட்டுக் கேட்டார். அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பி விட்டிருந்தால் அது நினைவிருக்கட்டும் என்று டோன் மாறி ஒலிக்கும் என்றார் அவர். மனிதர்களுக்கு அந்தத் திக்கல் ஒரு பொருட்டில்லை. மோடத்துக்கு அது டோனாகவே படவில்லை. கங்காதரன் எண்களைப் போட்டுத் திருப்பியதை ரத்து செய்தார். துர்கா டயல் செய்யச் சொன்னாள். மோடம் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டுக் கீச்சிட்டது. கிணற்றடியிலிருந்து சக்தி, "என்னடி சத்தம் அது?" என்று கத்தினாள்.

அன்றே ரமாவிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் முழுக்க நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் வேலையை நிறுத்தவில்லை. செய்தி கேட்டு வந்த தனசிங், செட்டிங்கில் ஒரு டிக்கை எடுத்துவிட்டார். டோனுக்காகக் காத்திருக்காமலே மோடம் டயல் செய்யும்படி ஆயிற்று. "இதை முதல்லயே பார்த்திருக்கணும்க்கா" என்று தலையைச் சொறிந்தார். அதனால் போனைத் திருப்பி விடுவதும் தொடர்ந்தது, வேலையும் ஓடியது. ஒரே மாற்றம், ஆபீஸ் அழைப்பையும் அக்காவின் அழைப்பையும் கங்காதரன் நேரில் வந்து, துர்கா ஹெட்போனைக் கழற்றும்வரை நின்று சொன்னார். லாரி வராத நாட்களில் சக்தியின் பிள்ளைகள் வந்து குளித்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் இறைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு சாயங்காலம் காபி கொடுக்கும்போது துர்கா தயங்கிச் சொன்னாள். "அன்னிக்கு நான் கத்தினது தப்பு மாமா."

"என்னிக்கு?"

"போனைத் தொடாதீங்கன்னு சொன்னேனே."

"அப்படியா சொன்ன?" என்று கேட்டுவிட்டு அவர் காபியை ஆற்றத் தொடங்கினார். உண்மையிலேயே மறந்துவிட்டாரா, மறந்ததாகக் காட்டிக்கொள்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஏகநாதனிடம் கேட்டால், "எங்கப்பாவை நானே புரிஞ்சுக்கிட்டதில்ல" என்று சிரித்தான்.

இரண்டு வருஷம் கழித்து அவர்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்தது. புது இணைப்பு கொடுக்க வந்தவர், இனிமேல் நெட் ஓடும்போதே போனும் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கங்காதரன் அந்தச் சின்னப் பெட்டியின் பச்சை விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ போன் இனிமே இங்கயே அடிக்குமா?"

"அடிக்கும் மாமா. நீங்க இனிமே யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்."

"சரிம்மா" என்றார். துர்கா அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு வேலை குறைந்ததென்று இருக்கிறாரா, இருந்த ஒரு வேலையும் போயிற்றென்று இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, அஞ்சலியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரக் கிளம்பினார்.