பதிவேட்டில் எழுதிய ஊர்

பட்டணத்துத் தொற்றுநோய் ஆஸ்பத்திரியின் வரலாற்றை நினைவு மலருக்கு எழுதித் தரும்படி போன மாதம் கேட்டார்கள். ஓய்வுபெற்ற தாதிகளில் என்னுடைய கையெழுத்துத்தான் வாசிக்க விளங்குமாம். வெள்ளைக்காரன் காலத்தில் அம்மை வந்தவர்களுக்கென்று போட்ட ஓலைக் கொட்டில், பிறகு காசநோய்க்காரருக்குக் கட்டிய நீள விறாந்தை, அவர்களுக்கென்று தனிக் கிணறு, தனிக் கோப்பை என்று நாலு பக்கம் எழுதிவிட்டேன். அந்த மதிலைக் கடக்கும்போது சனம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் என்பதையும் விடவில்லை. ஐந்தாம் பக்கத்தில் பேனை நின்றுவிட்டது.

தீவுச் சனம் அங்கே சொந்த ஊரைச் சொல்வதில்லை. நயினாதீவார் புங்குடுதீவு என்பார்கள். புங்குடுதீவார் வேலணை என்பார்கள். காசநோய் என்று ஊரில் தெரிந்தால் பிறகு அந்த வீட்டுக்கு ஒருவரும் சம்பந்தம் பேச வரமாட்டார்கள். நாங்களும் அவர்கள் சொன்னதையே பதிவேட்டில் எழுதிக்கொள்வோம்.

நான் நெடுந்தீவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் ஊரில் மாடு வளர்க்கிற ஒருவர் இருமிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் கறுத்துப்போனது.

"பிள்ளை, ஊர்காவற்றுறை எண்டு போடும். வீட்டில கட்டிக்குடுக்க ரண்டு குமர் இருக்கு. நீர் ஆருக்கும் சொல்லக்கூடாது."

"ஓம்" என்றேன். அப்படியே எழுதினேன்.

மூன்று மாதத்தில் அவர் செத்துப்போனார். ஊர்காவற்றுறைக்குப் போன தந்தி, அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியே அவரைப் புதைத்தது.

வன்னிக்கு வேலைக்கென்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர் அவர்; அங்கே ஒருத்தியோடு இருந்துவிட்டார் என்று ஊர் கதைத்தது. லீவில் போகிறபோதெல்லாம் அந்தக் கதை என் காதில் விழுந்தது. நான் மறுக்கவில்லை. முதலில், கொடுத்த வாக்கு தடுத்தது. குமர்கள் இரண்டும் கலியாணம் கட்டிக் கரைசேர்ந்த பிறகு, இவ்வளவு காலமும் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்களே என்ற பயம்.

போன கிழமை குறிகட்டுவான் துறையில் ஊருக்குப் போகிற படகுக்குக் காத்திருந்தபோது அவருடைய மூத்த மகள் வந்து பக்கத்தில் இருந்தாள். இப்போது பேரப்பிள்ளை கண்டவள். என் மடியில் கிடந்த தாள்களைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். சொல்லத் தொடங்கியதும் அவளுடைய தகப்பனைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.



"அப்ப அவர் வன்னிக்குப் போகேல்லையோ?"

"இல்லை."

"அம்மா சாகுமட்டும் அவரைத் திட்டினவ, அக்கா. கடைசி நாளும் திட்டிப்போட்டுத்தான் கண்ணை மூடினவ."

எனக்கு வெட்கமாக இருந்தது. தாள்களை மடித்தேன். படகு வந்ததும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

"எழுதுறதெண்டால் அப்பான்ர ஊரைச் சரியா எழுதுங்கோ."

படகில் இடம் இருந்தும் அவள் என் பக்கத்தில் வந்து இருக்கவில்லை.