தானே ஓடிய லேத்

கோவில்பட்டி எட்டயபுரம் சாலையில் வெயிலுமுத்து வைத்திருப்பதை லேத் பட்டறை என்பார்கள். சரியாகச் சொன்னால், தகரக் கூரைக்குக் கீழே ஒரு லேத், ஒரு துளை போடும் மெஷின், ஒரு ஸ்டூல், அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத ஒரு முதலாளி. தீப்பெட்டி ஆபீஸ் மெஷின்களுக்கும் கடலை உடைக்கும் மெஷின்களுக்கும் தண்டு கடைந்து கொடுப்பது தொழில்.

பிறந்தது எப்போதும்வென்றானில். ஊர்ப் பெயர் தனக்குப் பொருந்தவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவரேதான். அவர் பருத்தி போட்ட வருஷம் மழை பெய்யாது. மழை பெய்த வருஷம் அவர் பருத்தி போட்டிருக்க மாட்டார். கரிசல் தன்னை வேண்டாம் என்றதும் மரியாதையாக விலகிக்கொண்டதாகச் சொல்வார்.

விலகும்போது ஒரு வித்தையை மட்டும் கையோடு கொண்டுவந்தார். கரண்ட் போனால் மோட்டார் ஸ்டார்ட்டர் தன் பிடியை விட்டுவிடும். திரும்ப வந்ததும் யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். கிணற்று மோட்டாருக்காக யார் காத்துக் கிடப்பது? பொத்தானை அமுக்கி, அது திரும்ப வெளியே வராதபடி இடுக்கில் ஒரு குச்சியைச் செருகிவிடுவார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும்.

பட்டறை ஸ்டார்ட்டர் எதிர்ச் சுவரில் இருந்தது. மெயின் சுவிட்சோ ஸ்டூலிலிருந்து கைக்கெட்டும். கோவில்பட்டியில் தீக்குச்சிக்கா பஞ்சம்? மருந்து வைக்காத இரண்டு குச்சிகளைச் சேர்த்துச் செருகினார். அதன்பின் ஓட்டுவதும் நிறுத்துவதும் மெயின் சுவிட்சில்தான். ஸ்டார்ட்டரை மாட்டிய எலக்ட்ரீஷியன் மணிராஜ் பார்த்துவிட்டு, அது விட்டுவிடுவது கோளாறு இல்லை, ஆளைக் காப்பாற்றத்தான் என்றான். முட்டி வலியிலிருந்து யார் காப்பாற்றுவது என்று கேட்டு அவன் வாயை அடைத்தார் வெயிலுமுத்து. டீக்கடையில் வேறு பெருமை: கரண்ட் வந்தால் லேத்தே அவரைக் கூப்பிடுமாம்.

பராமரிப்புக்காகச் சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது என்று அறிவித்திருந்த ஒரு நாள். அவர் மனைவி வெள்ளைத்தாய் மதியச் சோறு கொண்டுவந்தாள். மெஷின் சும்மா கிடக்கும்போதுதான் துடைக்க முடியும் என்று, பழைய வேட்டித் துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றும் பகுதிக்குச் 'சக்' என்று பெயர். அதன் இடுக்குகளில் சிக்கியிருந்த இரும்புச் சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மெயின் சுவிட்சை யாரும் இறக்கவில்லை. ஓடாத மெஷினை எதற்கு நிறுத்துவது என்பது முதலாளியின் தத்துவம். தத்துவத்தை அங்கேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

பாதி டீயில் லேத் கூப்பிட்டது.

பெருமையாகச் சிரிக்க வாயைத் திறந்தவருக்கு, வெள்ளைத்தாயின் கை எங்கே இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. ஒரு பொத்தானுக்காக எழுந்திருக்க மாட்டேன் என்ற முட்டி, சாலையை ஒரே மூச்சில் கடந்தது. வேட்டி பாதியில் கழன்றது, டீக்கடையே பார்த்தது, அவர் பார்க்கவில்லை. உள்ளே பாய்ந்து மெயின் சுவிட்சை இறக்கினார்.

சக் தயங்கித் தயங்கி நின்றது. துணி அதில் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தது. வெள்ளைத்தாய் சுவரோடு ஒட்டி நின்று தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் இருந்தன. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையை எடுத்த நேரமாம்.

"கரண்டு இல்லன்னீங்களே."

"சாயங்காலம் வரைக்கும் வராதுன்னுதாம்ட்டி சொன்னாவ."

"சொன்னவிய கையா அதுக்குள்ள இருந்துச்சு?"

வெயிலுமுத்து வேட்டியைத் தேடினார், அது வாசலில் கிடந்தது. கட்டிக்கொண்டு குச்சிகளைப் பிடுங்கப் போனால், அவை வரவில்லை. குறடு போட்டு இழுக்க வேண்டியிருந்தது. அவர் கடையும் தண்டுகளில் ஒரு நூல் அளவு தடிமன் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று ஊரெல்லாம் புகார். வாழ்நாளில் அவர் கச்சிதமாகப் பொருத்தியது இந்தக் குச்சிகளை மட்டும்தான்.  அவர் பிடுங்கி முடிக்கும்வரை வெள்ளைத்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் விட்டுவிடும். வந்தால் முதலாளி முனகிக்கொண்டே எழுந்துபோய் அமுக்குகிறார். அதோடு வெள்ளைத்தாய்க்குத் திருப்தியில்லை. துடைக்க வரும்போதெல்லாம் மெயினை இறக்கி, மூன்று ப்யூஸ் கட்டைகளையும் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். முந்தியில் முடிந்துகொண்டு, பிறகுதான் சக்கில் கை வைப்பாள்.

போன வெள்ளிக்கிழமை துடைத்து முடித்தவள், முந்தியை அவிழ்க்க மறந்து, தங்கச்சி வீட்டுக்குப் புதியம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாள். உடைந்த தண்டோடு கடம்பூரிலிருந்து வந்திருந்த பாண்டியராஜனுக்கு அவசரம்.

"என்ன அண்ணாச்சி, எதுத்தாப்புல எலக்ட்ரிக்கல் கடை இருக்கு. மூணு கட்டை வாங்கிப் போட்டா முடிஞ்சுது."

வெயிலுமுத்து கடையைப் பார்த்தார். திரும்பி லேத்தைப் பார்த்தார்.

"வாங்கலாம் தம்பி. கழத்திக் குடுத்தது அவ கையில. அவ வந்து குடுத்தாத்தான் மாட்டுவேன். சாயங்கால பஸ்ஸுக்கு வந்துருவா, அதுவரைக்கும் இங்கன உக்காருங்க."

அந்த ஒரே ஸ்டூலைத் துடைத்து அவருக்குப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டார்.