பலாக்கொட்டைக் கறியும் பெட்டியில் ஒளித்த கொப்பியும்

மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில் என் கணவரின் வீட்டுக்கு நான் இரண்டாந்தாரமாக வந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. முதல் மனைவி காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எட்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். பெண் கேட்டு வந்தபோதே எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டார்கள். யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தச் சமையலறையில் ஒரு கொப்பி இருந்தது.

நீல அட்டை போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் சுவர்த்தட்டில் கிடந்தது. எண்ணெய் விரல் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் மினுங்கியது. முதல் மனைவி தான் தினம் சமைத்ததையெல்லாம் அதில் எழுதியிருந்தாள். பெரிய விருந்துச் சாப்பாடு ஒன்றும் இல்லை. பருப்பு, கீரை, மிளகுத்தண்ணி, தேங்காய்ச் சம்பல், பலாக்காய். யார் வீட்டிலும் ஆக்குகிற சமையல்தான்.

நான் பிறந்து வளர்ந்தது நுவரெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அந்தக் குளிருக்குப் பலா காய்க்காது. எனக்குத் தெரிந்தது முட்டைக்கோவா, உருளைக்கிழங்கு, ரொட்டி. மாத்தளையில் வீட்டுக்கு வீடு மிளகுக்கொடி, பலா, ஈரப்பலா. எதை எப்படி வெட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. மகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிற்பாள்.

"சின்னம்மா, தேங்காயோட மொதப் பால கடைசியிலதான் ஊத்தணும். அம்மா எழுதியிருக்காங்க."

"தெரியும்" என்பேன். தெரியாது.

ஒரு நாள் அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து கொப்பியை முழுதாக வாசித்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையாக எரிச்சல் பிடித்தது. சமையல் குறிப்புகளால் அல்ல. அவற்றுக்கு நடுவில் அவள் அம்மா எழுதியிருந்த வரிகளால். "அவருக்கு உறைப்பு ஆகாது. கேட்டாலும் போடக் கூடாது." "பஸ்ஸில் நின்று வந்தால் அவருக்குக் கோபம் வரும். முதலில் பிளேன்டீ, பிறகு பேச்சு." என்னுடன் ஒரு வருடமாக வாழ்கிற மனிதரைப் பற்றி அந்தக் கொப்பிக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. அவள் உயிரோடு இருந்திருந்தால் ஏதாவது குறையாவது கண்டுபிடித்திருப்பேன். செத்தவளிடம் என்ன குறை காண்பது? எழுத்துக்கூட முத்து முத்தாக இருந்தது.

அன்று மத்தியானம் அந்தக் கொப்பியை என் தகரப்பெட்டியில், கலியாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். மகள் வந்து தேடினாள்.

"கறையான் அரிச்சிருச்சும்மா. தூள் தூளா கெடந்திச்சி. எரிச்சிட்டேன்."

அவள் அழவில்லை. காலியான சுவர்த்தட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அழுதிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேனோ என்னவோ.

அதற்கு மேலும் ஒன்று செய்தேன். அவள் பள்ளியிலும் அவர் கண்டிக் கந்தோரில் வேலையிலும் இருக்கும் நேரத்தில் பெட்டியைத் திறந்து, அன்றன்று ஆக்குகிற பக்கத்தை மனப்பாடம் செய்து, என் கைப்பக்குவம் போலச் சமைக்கத் தொடங்கினேன். பாராட்டு எனக்கு வரட்டும் என்றுதான்.

முதலில் செய்தது பலாக்கொட்டைக் கறி. கொட்டையை அவித்துத் தோலுரித்து, இரண்டாகப் பிளந்து, வறுத்த தேங்காயையும் மிளகையும் அம்மியில் மசிய அரைத்துச் சேர்த்து, இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டேன். கொஞ்சம் வற்றியதும் முதல் பால் ஊற்றி, ரம்பை இலையும் கறிவேப்பிலையும் போட்டு உடனே இறக்கினேன். நல்ல வாசம்.

அவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். ஏதாவது சொல்வார் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். கடைசிக் கவளத்தில் கை நின்றது. தட்டை வைத்துவிட்டு, கைகூடக் கழுவாமல் முற்றத்தில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் அரைத்து, நான் ஆக்கி, நானே கையில் எடுத்துக் கொடுத்த சாப்பாட்டில் அவர் செத்துப்போன அவளிடம் போய்விட்டார். அன்று அவள்மேல் வந்த பொறாமையைப் போல என் வாழ்க்கையில் யார்மேலும் வந்ததில்லை. ஆனாலும் அந்தச் சமையலை நான் நிறுத்தவில்லை. தட்டுகள் காலியாகித் திரும்பி வந்தனவே.

எண்பத்தொன்பதில் நிலைமை மோசமானது. கடை திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது என்று கிளர்ச்சிக்காரர்கள் இரவில் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் ஊரே மூடிக்கிடக்கும். வீதியில் என்னென்னவோ கிடந்ததாகச் சொன்னார்கள். நான் மகளை வாசலுக்குக்கூட விடவில்லை. அப்படி ஒரு தடவை அவர் கண்டியிலேயே மாட்டிக்கொண்டார். இரண்டாம் நாள் அரிசி முடிந்தது. பின்வளவில் பலாமரத்தின் அடியிலேயே ஒரு முற்றிய காய் தொங்கியது. பலா வெட்டுவது எப்போதும் அவர் வேலை. அன்று நானே அதைக் கத்தியால் அறுத்து இறக்கி இரண்டாகப் பிளந்தேன்.

பிசின் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. கத்தி காயோடு ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவ இன்னும் மோசமானது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில், பயமும் பசியும் சேர்ந்து நான் அழுதேவிட்டேன்.

மகள் எண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். என் கையைப் பிடித்து, விரல் விரலாகத் தேங்காயெண்ணெய் தடவினாள்.

"கைக்கும் கத்திக்கும் எண்ணெ தடவிட்டு வெட்டணும் சின்னம்மா. அது பன்னெண்டாம் பக்கத்தில இருக்கே. நீங்க பாக்கலியா?"



"எந்தப் பக்கம்?"

"கொப்பியில."

"அதத்தான் கறையான்…"

"கறையான் இல்லன்னு தெரியும். நீங்க குளிக்கப் போனப்ப பெட்டி தொறந்து இருந்திச்சி. சேலைக்குக் கீழ பாத்தேன்."

"எப்ப பாத்த?"

"நாலாம் வகுப்பில."

அப்போது அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். ஒரு வருடத்துக்கு மேல் என் பொய்யை வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

என் சுண்டுவிரலில் ஒட்டியிருந்த பிசினைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க அதப் பாத்துத்தானே ஆக்குறீங்க. சொன்னா கோவிச்சுக்கிட்டு நிப்பாட்டிருவீங்க."

அவளைக் கட்டிப்பிடித்தேன் என்று எழுத ஆசைதான். பிடிக்கவில்லை. கை எண்ணெயாக இருந்தது. வெட்கம் அதைவிட அதிகமாக இருந்தது. பெட்டியைத் திறந்து கொப்பியை எடுத்து அவளிடமே கொடுத்தேன். அவள் வாசிக்க வாசிக்க நான் சுளை எடுத்தேன். மஞ்சளும் உப்பும் போட்டு, குழையாமல் அவித்து, தேங்காய்ப்பூ தூவி, மிளகாய் இடித்த கட்டச்சம்பலோடு சாப்பிட்டோம். வயிறு நிறைந்தது.

நான்காம் நாள் பகலில் அவர் நடந்தும் லொறியில் ஏறியும் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் புழுதி. அடுப்புக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்த கொப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மீந்திருந்த பலாக்காயை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். யாருடைய கைப்பக்குவம் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

அன்றோடு பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். கொப்பி பழையபடி சுவர்த்தட்டுக்குப் போனது. மகள் பக்கத்தில் நின்று வாசிப்பாள், நான் ஆக்குவேன். ஒரு நாள் பருப்பு கொதிக்கும்போது அவள், "அவருக்கு உறைப்பு ஆகாது…" என்று தொடங்கினாள்.

"அந்த வரியெல்லாம் எனக்கு வேணாம்" என்றேன். "உப்பு எவ்வளவுன்னு மட்டும் சொல்லு."

அவள் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.