இருநூற்று எழுபத்திரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

அந்த நாவலை இரண்டு நாளில் வாசித்து முடித்தேன். சனிக்கிழமை காலி வீதி பஸ்ஸில் தொடங்கியது. இறங்க வேண்டிய ஹோல்ட்டைத் தாண்டி இரண்டு ஹோல்ட் போய்விட்டு, வெயிலில் திரும்பி நடந்து வந்தேன். மறுநாள் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த மணம் வந்தது. எழும்பி அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே கடைசிப் பக்கத்தை வாசித்தேன். வாசித்ததும் கையைத் தட்டினேன். குசினியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

சந்தையிலிருந்து வந்த என் கணவரிடம் பையை வாங்காமல் புத்தகத்தை நீட்டினேன்.

"இஞ்சாருங்கோ, இதை இண்டைக்கே தொடங்குங்கோ. எனக்கு ஆரோடையாவது கதைக்க வேணும்."

"மீனை எங்க வைக்கிறது?" என்று கேட்டார். ஆனாலும் திங்கள் பின்னேரத்துக்குள் அவரும் முடித்துவிட்டார்.

கதை இதுதான். ஒரு மாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு காலையில் காணாமல் போகிறாள். அவளைக் கடைசியாகப் பார்த்தவன் நாயகியின் சொந்த அண்ணன். அண்ணன் வாய் திறக்கிறானில்லை. வேலையை விடுகிறான், வீடு மாறுகிறான், தங்கை அழைத்தால் போனை எடுக்கிறானில்லை. காணாமல் போனவளின் கணவன் மட்டும் தினமும் வந்து நாயகியிடம் அழுகிறான். கொலையாளி தன் அண்ணன்தானோ என்ற பயத்தோடு அவள் கடைசியில் அவனுடைய புது வீட்டைத் தேடிப் பிடித்து மணியை அழுத்துகிறாள். உள்ளே செருப்புச் சத்தம் கேட்கிறது. கதவு திறக்கிறது.

அவ்வளவுதான். இருநூற்று எழுபத்திரண்டாம் பக்கத்தின் கடைசி வரி அது. திறந்தது யார், அண்ணன் குற்றவாளியா, ஒன்றும் சொல்லப்படவில்லை. இப்படி ஒரு துணிச்சலை நான் எந்தத் துப்பறியும் கதையிலும் கண்டதில்லை.

எங்களுக்கு வட்ஸ்அப்பில் ஒரு வாசிப்புக் குழு இருக்கிறது. பதினொரு பேர். வெள்ளவத்தையில் ஐந்து பேர், மற்றவர்கள் கொட்டாஞ்சேனையும் அதைச் சுற்றியும். எங்கள் பக்கத்துக்கு நானே கடையில் ஐந்து பிரதிகள் வாங்கிக் கொடுத்திருந்தேன். அந்தப் பக்கத்துக்குக் கொட்டாஞ்சேனை அக்கா ஒரு பார்சலாக எடுப்பித்திருந்தார். அக்கா துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் வேத வாசகம் வாசிப்பவர். குழுவில் என்னைவிட வேகமாக வாசிக்கக்கூடிய ஒரே ஆள்.

குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்லோரும் முடிக்கும் வரை முடிவை யாரும் எழுதக் கூடாது. மர்மக் கதை என்பதால் இந்த முறை அதை இன்னும் இறுக்கியிருந்தோம். அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

செவ்வாய்க்கிழமை அக்கா எழுதினார்: "அவ வந்து வாசல்ல நிண்டதும் எனக்குப் புத்தகத்த எறியணும் போல இருந்திச்சி. இவ்வளவு பக்கம் பயந்ததெல்லாம் இதுக்கா?"

எனக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறிவிட்டது. பஸ்ஸுக்குள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பதில் எழுதினேன். வாசலில் அவ நிற்கும் அந்த இடம்தான் புத்தகத்தின் உச்சம் என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் வாசகர்களுக்கு இது ஒத்துவராது" என்றும் எழுதி அனுப்பினேன்.

"அதுக்கு மேலதான் எவ்வளவோ சொல் இருக்குதே தங்கச்சி. அதுதானே என்ட குறை" என்று வந்தது.

என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். வெள்ளவத்தையில் மற்ற நாலு பேரும் என் பக்கம் நின்றார்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஏறக்குறைய முழுவதும் அக்காவோடு நின்றது. ஒருவர் "ஏமாற்று வேலை" என்றார், மற்றவர் "மேதை வேலை" என்றார். மூன்று நாள் போன் சூடு ஆறவில்லை. அலுவலகத்தில் மேலதிகாரிக்கு முன்னால் மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு எழுதினேன். இந்த வயதில் இப்படி ஒரு சண்டைக்கு எனக்குத் தெம்பு இருக்கிறது என்பதே உற்சாகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா ஒரே வரி எழுதினார்: "எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டா சொல்றீங்க?" அடுத்து, அவர் குழுவை விட்டு வெளியேறியதாகத் திரையில் சின்ன எழுத்தில் வந்தது.

உற்சாகம் சட்டென்று வடிந்தது. பதின்மூன்று வருடப் பழக்கம். என் அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்து மூன்று நாள் என்னோடு நின்றவர். அழைத்தேன், எடுக்கவில்லை. "நீ எழுதினது கொஞ்சம் கூடத்தான்" என்றார் கணவர், புத்தக விஷயத்தில் என் பக்கம் நின்றுகொண்டே.

கிராண்ட்பாஸில் எழுதுபொருள் கடை வைத்திருக்கும், நாங்கள் எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர்தான் இதைச் சரிசெய்யக் கிளம்பினார். அவரும் குழுவில் ஒருவர். அக்காவின் பார்சலில் வந்த புத்தகத்தைத்தான் வாசித்திருந்தார். ஆனால் முடிவு பற்றி வாயே திறக்கவில்லை. குற்றவாளியை நாலாம் அத்தியாயத்திலேயே பிடித்துவிட்டதாகச் சொல்லி எல்லோரையும் எரிச்சல்படுத்திக்கொண்டு இருந்தார்.

"தங்கச்சி, நான் அக்காவோட பேசிட்டன். போயா லீவுக்கு உங்கள அவங்கட வீட்டுக்கு வரட்டுமாம். புத்தகத்தையும் கொண்டு வரட்டுமாம். போன்ல எழுதி எழுதி ஒண்டும் ஆகாது."

பௌர்ணமிப் போயா தினத்தன்று பின்னேரம் கணவரும் நானும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். கையில் ஒரு கேக் பெட்டி, பையில் புத்தகம்.  என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். கதவைத் திறந்த அக்கா, "வாங்க, இருங்க" என்றார். முகம் கொடுக்கவில்லை. மேசையில் பொரித்த பற்றிஸும் பால் விடாத பிளேன்டீயும் இருந்தன. நானாவும் குழுவின் இன்னும் மூன்று பேரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள்.

"அக்கா, அண்டைக்கு நான் எழுதினதுக்கு…"

"அத விடுங்க" என்று கையைக் காட்டினார். "எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்க. அந்த முடிவுல உங்களுக்கு அப்பிடி என்ன புடிச்சது?"

கேட்டதுதான் தாமதம், மன்னிப்பு மறந்துபோனது.

"அக்கா, கதவைத் திறந்தது ஆர் எண்டு கடைசி வரைக்கும் சொல்லாமல் விட்டதுதானே அழகு! வேற ஆருக்கு அந்தத் துணிவு வரும்?"

அக்கா பற்றிஸைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"சொல்லாம விட்டதா?"

"ஓம்."

"தங்கச்சி, திறந்தவ மூணு பக்கத்துக்கு நிண்டு பேசுறாவே!"

"ஆர் பேசுறது?"

 அக்கா இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானா எழும்பி, "ஒருத்தரும் ஒண்டும் சொல்லாதீங்க. ரெண்டு புத்தகத்தையும் இங்க தாங்க" என்றார். என்னுடையதையும் அக்காவுடையதையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, புத்தக முதுகில் விரலை ஓட்டினார். வாழ்நாள் முழுவதும் கடதாசி தொட்ட விரல். பிறகு இரண்டின் கடைசித் தாளையும் திருப்பிப் பார்த்தார்.

"இது இருநூத்தி எம்பத்தெட்டு. தங்கச்சிட இருநூத்தி எழுபத்திரண்டு. பதினாறு பக்கத்த ஒரே தாள்ல அடிச்சு மடிக்கிறது, அது ஒரு மடிப்பு. கட்டுற நேரம் கடைசி மடிப்ப வைக்க மறந்திட்டாங்க. தங்கச்சி வாங்கின அஞ்சும் இப்பிடித்தான் இருக்கும்."

கணவர் முதலில் சிரித்தார். பிறகு அக்கா. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்துக்கொண்டு என் தோளில் அடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, முகமெல்லாம் சுட்டது. அச்சகத்தின் கவனப்பிழையை மேதைமை என்று பத்துப் பேருக்கு விளக்கியிருக்கிறேன். அதை விடப் பெரிதாக இன்னொன்று உள்ளே துள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு இன்னும் பதினாறு பக்கம் பாக்கி இருக்கிறது!

"தாங்கோ அக்கா, நான் இப்பவே வாசிக்க வேணும்."

"இல்ல, நான் வாசிக்கிறன். இருங்க."

"எனக்கு வேண்டாம்" என்று கணவர் எழும்பினார். "என்ரை கதை முடிஞ்சுது. அதைக் கெடுக்காதேங்கோ." சொல்லிவிட்டு பல்கனிக்குப் போய்விட்டார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பூசையில் வாசிக்கும் அதே நிறுத்தி நிதானமான குரலில் தொடங்கினார். கதவைத் திறந்தது காணாமல் போனவள். உயிரோடு, ஈரத் தலையோடு நிற்கிறாள். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அக்கா நிறுத்தவில்லை. அந்தப் பெண் பேசுகிறாள். அவளைக் கொல்லத் திரிந்தவன் அவளுடைய கணவன். தப்ப வைத்தவன் அண்ணன். அண்ணன் தங்கையிடம் சொல்லாததற்கு ஒரே காரணம்தான். அழுதுகொண்டு வந்த அந்தக் கணவனிடம் தங்கை தனக்குத் தெரிந்ததையெல்லாம் இரக்கப்பட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் புது வீட்டின் விலாசத்தைக்கூட நேற்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

 அந்த மனுஷன் அழுத ஒவ்வொரு இடத்திலும் நானும் அவனை நம்பியிருந்தேன். நாயகி மட்டுமல்ல, நானும் காட்டிக்கொடுத்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பல்கனிக்குப் போன கணவர் கதவு நிலையில் சாய்ந்து, மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு கணவன் வருவதும் அண்ணன் மறிப்பதும் பொலிஸ் வருவதும் ஓட்டமாக ஓடின. கடைசி இரண்டு பக்கத்தில் எல்லோரும் அழுது, மன்னித்து, ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார்கள்.

"பாத்தீங்களா?" அக்கா புத்தகத்தை மூடினார். "நான் சொன்னது இதத்தான். அவ்வளவு பயங்காட்டிட்டு எழுதினவன் தேத்தண்ணி குடுக்கிறான்!"

"தேத்தண்ணி சரியில்லைத்தான்" என்றேன். "ஆனா அக்கா, அவ கதைக்கிற மூண்டு பக்கம்! அது இல்லாமல் இந்தப் புத்தகம் ஒண்டுமே இல்லை!"

"இப்பிடி மாறிட்டீங்களே!"

"மாறித்தான் போனன்."

அக்கா என் பிரதியை இழுத்து, இருநூற்று எழுபத்திரண்டாம் பக்கத்தை ஒருதரம் தனக்குள் வாசித்தார். பிறகு இன்னொரு தரம். "எண்டாலும் இது…" என்று இழுத்தார். "இதோட நிண்டிருந்தா எனக்கு ரெண்டு நாள் நித்திர வந்திராது. இது ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு."

"அதைத்தானே நான் சொல்லுறன்" என்றார் கணவர்.

"நீங்க ஒளிச்சு நிண்டு கேட்ட ஆள், பேசாதீங்க" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு யார் எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிட்டது. ஒருவர் பதினாறு பக்கமும் வேண்டும் என்றார். ஒருவர் பதினாலு போதும் என்றார். நானா இரண்டு முடிவும் தனக்கு முதலே தெரியும் என்றார், ஒருவரும் நம்பவில்லை. நடுவில் எப்போதோ அக்கா என் தட்டில் இன்னொரு பற்றிஸ் வைத்து, "இனி எழுதுறதுக்கு முதல் ஒரு போன் கோல் எடுங்க" என்றார். "ஓம் அக்கா" என்றேன்.  நான் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பு அந்த இரண்டு சொல்லில் முடிந்தது.

திரும்பும்போது ஓட்டோவில் நானாவும் ஏறினார். கிராண்ட்பாஸில் இறங்கி, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை ரோட்டிலும் வைத்துக்கொண்டு, அண்ணன் செய்தது சரியா பிழையா என்று இன்னும் ஐந்து நிமிடம் வாதாடினார். பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்த பிறகுதான் போனார்.

ஓட்டோ ஓட்டியவர் சிங்களவர். எங்கள் தமிழ் அவருக்கு அரையும் குறையுமாக விளங்கியிருக்க வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, யாரை யார் கொன்றது, பொலிஸுக்குச் சொல்லியாயிற்றா என்று சிங்களத்தில் கவலையோடு கேட்டார்.

"பொத்தக், மல்லி, பொத்தக்!" புத்தகம், தம்பி, புத்தகம் என்று கணவர் அவசரமாகச் சொன்னார்.

அவர் சிரித்தார். பிறகு கதையைச் சொல்லச் சொன்னார். எனக்குச் சொல்லியா தர வேண்டும்? எனக்குத் தெரிந்த சிங்களத்தில், கொள்ளுப்பிட்டி நெரிசலில் தொடங்கி, பம்பலப்பிட்டியைத் தாண்டி, எங்கள் ஒழுங்கை முகப்பு வரை சொன்னேன். நாயகி மணியை அழுத்தும் இடத்தில் ஓட்டோ நின்றது.

"இத்திங்?" என்றார், பிறகு என்ன என்று. மீற்றரையும் பார்க்கவில்லை, காசையும் கேட்கவில்லை. மிச்சத்தையும் சொல்லி முடித்தேன், தேத்தண்ணீர் வரை.

 அந்த அண்ணன் முதல் நாளே தங்கச்சியிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தால் இவ்வளவு பெரிய புத்தகமே தேவைப்பட்டிராது என்றார் அவர்.

"அதெப்படி?" என்றேன். "சொல்லியிருந்தால் அவள் அந்த மனுஷனிடம் உளறியிருப்பாளே!"

கணவர் புத்தகப் பையோடு இறங்கி நின்று என்னைக் கூப்பிட்டார். நான் இறங்கவில்லை. ஓட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு, எனக்குப் பதில் சொல்வதற்காக முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.