சான்று இல்லாத ஒரு வரி

கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருக்கும் அந்த மனிதருக்கு மைத்துனன் வைத்த பெயர் ‘ஆதாரம்’. அவரிடம் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. சாயங்காலம் மழை வருமாம் என்றால் எங்கே படித்தாய் என்பார். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்றால் யார் அளந்தது, எப்போது அளந்தது என்பார். இந்த மனுஷன் கிட்ட, நான் உங்கள் மனைவியின் தம்பி என்று சொல்லவே தனக்குப் பயமாக இருக்கிறது, அத்தாட்சி கேட்டாலும் கேட்பார் என்று மைத்துனன் புலம்புவான்.

இந்தப் பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது இணையக் கலைக்களஞ்சியத்தில். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளம். அப்பேர்ப்பட்ட இடத்தில் அவர் பத்து வருடமாக வேதியியல் கட்டுரைகளையும் நரம்பியல் கட்டுரைகளையும் சீர்செய்து வருகிறார். போய்ச் சேர்ந்த கதை சின்னது. ஒருநாள் பேருந்துக்குக் காத்திருந்தவர், பொழுது போகாமல் சோடியம் பற்றிய கட்டுரையைத் திறந்தார். அதைத் தண்ணீருக்குள் போட்டுப் பாதுகாக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானோ எழுதி வைத்திருந்தான். தண்ணீர் பட்டால் சோடியம் தீப்பற்றி வெடிக்கும். அவர் ஆய்வகத்தில் அது மண்ணெண்ணெய்க்குள் மூழ்கித்தான் கிடக்கிறது. அடப்பாவி, இதைப் படித்துவிட்டு எவனாவது செய்து தொலைத்தால் என்ன ஆகும் என்று பதறி, நின்ற இடத்திலேயே திருத்தினார். மூன்று பேருந்துகள் போய்விட்டன.

அதற்குப் பிறகு விடவில்லை. மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்ற வரியை மட்டும் பதினேழு முறை நீக்கியிருக்கிறார். பதினேழு முறையும் யாரோ திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். போடுகிறவன் அந்தப் பத்தையும் பயன்படுத்துவதில்லை என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார். களஞ்சியத்தில் மட்டும், ‘அருள்கூர்ந்து சான்று தரவும்’ என்று பூனை மாதிரி எழுதுவார்.

கூடச் சேர்ந்து சிரிப்பதற்கு மனைவி இருந்தார். அந்த அம்மாள் சோப்புத் தொழிற்சாலையில் வாசனைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு கலவையிலும் ஒரு துண்டு வெட்டி அவர் மூக்கின் முன்னால் வைப்பார்கள். எலுமிச்சை கொஞ்சம் தூக்கல், ரோஜா பழசு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ‘ஆதாரம்’ பார்த்துப் பார்த்து எழுதும் மூலக்கூறுகளுக்கெல்லாம் இந்த அம்மாளிடம் வேறு பெயர் இருந்தது. ஒன்று மழைக் கோட்டு வாசனை, இன்னொன்று புதுச் செருப்பு. கணவருக்கு அதில் தாங்க முடியாத பெருமை. சான்று கேட்காமல் அவர் நம்பிய ஒரே விஷயம் மனைவியின் மூக்குதான்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் தொழிற்சாலைப் படியில் ஈரம் வழுக்கி அந்த அம்மாள் விழுந்தார். பின்தலையில் அடி. தையல் போட்டார்கள், காயம் ஆறியது, மூக்குக்கு வாசனை தெரிவது மட்டும் போயே போய்விட்டது. மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி துளைகள் உள்ள ஓர் எலும்பு இருக்கிறது. வாசனை நரம்பின் மெல்லிய இழைகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. தலை குலுங்கும்போது அவை அறுந்துபோவது உண்டு. இது கணவருக்குத் தெரியும், களஞ்சியத்தில் அந்தப் பத்தியை எழுதியவரே அவர்தானே. திரும்ப வருமா என்று கேட்டதற்கு மருத்துவர் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும் மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க எழுதுற அந்தக் களஞ்சியத்துல என்ன போட்டிருக்கு? வருமா?”

கைப்பேசியில் வாசனையிழப்புக் கட்டுரையைத் திறந்தார். திரும்ப வருவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மனைவி சட்டைக் கையை விடவில்லை. பத்து வருடம் ஊரையே சான்று கேட்டுப் படுத்தியெடுத்த மனுஷன், ‘இவ்வாறு இழந்த வாசனை ஒன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடும்’ என்று ஒரு வரி தட்டினார். சேமித்தார். பிறகு கைப்பேசியை மனைவியின் பக்கம் திருப்பிக் காட்டினார். மனைவி இரண்டு தடவை படித்துவிட்டு, சரி, சாப்பிடப் போகலாம் என்றார்.

மறுநாள் நீக்கிவிடலாம் என்றுதான் நினைத்தார், சத்தியமாக. ஆனால் மனைவி அந்தப் பக்கத்தைத் தம்பிக்கு அனுப்பிவிட்டார், தினமும் தானும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். எப்படிக் கை வைப்பது? மூன்று மாதம் கழித்து ஒரு செய்தித்தாளின் உடல்நலப் பக்கத்தில் அதே செய்தி வந்தது, சொல் மாறாமல். மனைவி கத்தரித்துக் குளிர்பெட்டியில் ஒட்டினார். அடுத்த மாதம், வெளியூரில் இருக்கும் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர் ஒருவர், களஞ்சியத்தில் இவரிடம் வேலை பழகியவர், அந்தச் செய்தியைக் கண்டுபிடித்து இந்த வரிக்கு அடிக்குறிப்பாகச் சேர்த்தார். இங்கேதான் வேடிக்கை. அடிக்குறிப்பைப் பார்த்ததும் இவருக்கே அப்பாடா என்று இருந்தது. செய்தித்தாளிலேயே வந்துவிட்டதே, எந்த மருத்துவரையாவது கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த வரி, இவர் பெற்ற பிள்ளை, மீசை வைத்துக்கொண்டு வந்து நின்றது, இவர் எழுந்து வணக்கம் சொன்னார்.

இந்தத் திங்கட்கிழமை தொழிற்சாலையில் மனைவியைக் கூப்பிட்டார்கள். விழுந்த நாளிலிருந்து அவரைப் பொதி கட்டும் பிரிவில் தற்காலிகமாகத்தான் வைத்திருந்தார்கள். அங்கே மேற்பார்வையாளர் இடம் காலியாகிறது, நிரந்தர வேலை, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறொருவருக்குப் போய்விடும். இன்னும் நான்கு மாதம்தானே, வாசனை வந்துவிடும், என் பழைய இடத்துக்கே போகிறேன், வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்று மனைவி சந்தோஷமாகச் சொன்னார். கணவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

செவ்வாய்க்கிழமை செய்தித்தாள் அலுவலகத்துக்குப் போன் போட்டார். அந்த வரியை எந்த மருத்துவர் சொன்னார் என்று கேட்டார். உதவி ஆசிரியர் தேடிப் பார்த்துவிட்டு, “மருத்துவர் யாரும் சொல்லல சார். இணையக் களஞ்சியத்துல இருந்து எடுத்ததுதான்” என்றார். நம்பிக்கையான இடம்தான் என்று ஆறுதல் வேறு சொன்னார்.

ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவாமல் விட்டுவிட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படித்தார். பதினான்கு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. தலையில் அடிபட்டு வாசனை இழந்தவர்களில் திரும்பப் பெறுகிறவர்கள் குறைவு, நாளாக ஆக அந்த வாய்ப்பும் குறையும் என்றுதான் எல்லாவற்றிலும் இருந்தது.

முதலில் கோழைத்தனமான வழியைத்தான் பிடித்தார், மறைப்பானேன். சத்தம் போடாமல் வரியையும் அடிக்குறிப்பையும் நீக்கினார். மனைவி தானாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. பத்தே நிமிடத்தில் மருந்துக்கடைக்காரர் திரும்பப் போட்டுவிட்டார். ‘சான்றுள்ள வரியை நீக்கக் கூடாது ஐயா, இது நீங்கள் எனக்குச் சொல்லித் தந்தது’ என்று பணிவாக ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுத வேண்டும் என்றால் எல்லோர் முன்னாலும் உண்மையை எழுத வேண்டும். அதை மனைவி அங்கே போய்ப் படித்துத் தெரிந்துகொள்வதா?

வியாழக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் எதிரில் போய் உட்கார்ந்தார். தலையணை உறையை மடிக்கிற சாக்கில் தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பெஞ்சு, வரி, செய்தித்தாள், அடிக்குறிப்பு, ஆராய்ச்சிக் கட்டுரைகளில் படித்தது எல்லாம். மன்னித்துக்கொள் என்றும் சொன்னார்.

மனைவி கையில் இருந்த சட்டையை முழுசாக மடித்து வைத்தார். “தினமும் காலையில எழுந்ததும் சோப்பை எடுத்து மூக்குகிட்ட வெச்சுப் பாக்குறேன். ஒரு நாள் விடல. நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன்.” எழுந்து சமையலறைக்குப் போனார். இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தார், அவர் தட்டில் பரிமாறினார், தான் போய்ப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை மனைவி வேலைக்குப் போய் மேற்பார்வையாளர் இடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கணினி முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணவர், கட்டுரையைப் பற்றி எல்லோரும் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த வரியை நான்தான் எழுதினேன், என்னிடம் எந்தச் சான்றும் இல்லை, செய்தித்தாள் நம்மிடமிருந்தே எடுத்தது, ஆகவே அது சான்று ஆகாது, தவறு முழுக்க என்னுடையது. பத்து வருட மரியாதை நாலு வரியில் போயிற்று. மனைவி எழுத்துக்கூட்டுவது போல நிதானமாகப் படித்தார்.

“இப்ப அந்த இடத்துல நிஜமா என்ன எழுதணும்?”

படித்ததைச் சொன்னார். சிலருக்கு வரும், பலருக்கு வருவதில்லை. தினமும் குறிப்பிட்ட சில வாசனைகளை முகர்ந்து பழகினால் சிலருக்குப் பலன் இருக்கிறது.

“அப்படியே எழுதுங்க. எதையும் குறைக்க வேண்டாம். என்னை மாதிரி ஒருத்தி வந்து படிப்பா.”

எழுதினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆராய்ச்சிக் கட்டுரையை அடிக்குறிப்பாகச் சேர்த்தார். சேமிப்பதற்கு முன்னால் கை நின்றது.

மனைவி அவர் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு அந்தப் பெஞ்சுல உங்களுக்குப் பயமா இருந்துச்சு, இல்ல? பயமா இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானும் தனியாத்தான் பயந்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் சேந்தே பயந்திருக்கலாம்.”

“இப்பவும் பயமாத்தான் இருக்கு” என்றார் அவர். மனைவி அவர் கைமேல் தன் கையை வைத்தார், இருவருமாகச் சேமித்தார்கள்.