புத்தம் புதிய பிரின்டர்

மூத்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி இரண்டு வருடமாகிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று விடியற்காலை ஒரு ரியூசன், பள்ளிக்கூடம் விட்டதும் இன்னொன்று என்று ஓடிக் களைத்து, திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலியோடு எழும்பினாள். போதும் என்று நானே வீட்டில் படிப்பிக்கத் தொடங்கினேன். நீர்வேலியில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் அயலாருக்கு இதை விளங்கப்படுத்துகிற நேரத்தில் ஒரு பாடப்புத்தகத்தையே படிப்பித்து முடித்துவிடலாம்.

பயிற்சித் தாள்கள் எடுக்க யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் பிரின்டர் வாங்கினோம். "புத்தம் புதுசு தங்கச்சி," என்று முதலாளி தன் கையாலேயே பெட்டியில் வைத்துத் தந்தார். மூன்றாம் நாள் எல்லாத் தாளிலும் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. பாதிக் கணக்கை அந்தக் கோடு விழுங்கியது.

கணவருக்கு லீவு இல்லை. மூத்தவளையும் நான்கு வயதுச் சின்னவளையும் கூட்டிக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் போனேன். கடையில் நின்ற பெண் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதலாளி வருவார், நில்லுங்கோ," என்றாள். நின்றோம். சின்னவள் ஒன்றுக்குப் போகவேண்டும் என்றாள். அந்த வசதி கடையில் இல்லையாம். சொல்லி முடிய உள்ளே ஒரு கதவு திறந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முதலாளி வந்தார்.

கோடு விழுந்த தாளை அவர் ஒரு கணந்தான் பார்த்தார். பிறகு மூத்தவளைப் பார்த்தார்.

"இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ பிள்ளை?"

"நான் வீட்டிலதான் படிக்கிறன்," என்றாள் மகள்.

"வீட்டிலயோ? அப்ப பதின்மூண்டாம் வாய்ப்பாடு சொல்லு பாப்பம்."

மகள் வாயே திறக்கவில்லை. முதலாளி எனக்காகப் பரிதாபப்பட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். "பிள்ளையள் கண்ட கண்ட பட்டனை அமத்தியிருப்பினம் தங்கச்சி. சரி, வைச்சிட்டுப் போங்கோ."

பஸ்ஸில் எனக்கு மகள்மேல்தான் கோபம் வந்தது. அந்த மனிதரை வெறுத்துக்கொண்டே அவர் வைத்த பரீட்சையில் அவள் தவறிவிட்டாளே என்று வெட்கப்பட்டேன். அதைவிடக் கேவலம் வேறில்லை.

"உனக்குத் தெரியும்தானே. ஏன் சொல்லேல்லை?"

"அவர் பிரின்டரை எல்லோ பாக்கோணும். என்னை ஏன் பாக்கிறார்?"



மூன்று கிழமைக்குப் பிறகு, 'பரிசோதிக்கப்பட்டது' என்று ஒரு ஸ்டிக்கரோடு பிரின்டர் திரும்பி வந்தது. கோடும் கூடவே வந்தது. அவர்கள் செய்த ஒரே வேலை அந்த ஸ்டிக்கரை நேராக ஒட்டியதுதான். கணவர், "விடும். உவங்களோட கதைச்சுப் பிரயோசனமில்லை," என்றார். கடைப்பக்கமே போகாத மனிதருக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

அடுத்த நாள் தாள் சிக்கியது. நானும் மூத்தவளும் பின்மூடியைக் கழற்றி, சின்னவளின் டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தோம். உருளைக்கடியில் கசங்கிய தாள்துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. இடுக்கியால் மெதுவாக இழுத்தோம். மை காயாமல் சிக்கிக் கிழிந்த துண்டு. மகள் வாசித்தாள்.

"'எமது செல்வப் புதல்வியின் பூப்புனித நீராட்டு விழா...' அம்மா, இது ஆரின்ரை சாமத்திய வீடு?"

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் இன்னும் சாமத்திய வீடு நடக்கவில்லை. புத்தம் புதிய பிரின்டர் எங்களிடம் வருவதற்கு முன்பே யார் வீட்டிலோ அழைப்பிதழ் அடித்திருக்கிறது.

மறுநாளே மூவரும் போனோம். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். தாள்துண்டை மேசைமேல் வைத்தேன். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பிரின்டர் செய்யிற பக்ரரியில டெஸ்ட் பண்ணேக்கை அடிச்சதா இருக்கும்."

"உங்கடை பக்ரரியில ஆருக்கு அண்ணை சாமத்தியம்?" என்றேன்.

பின்னால் நின்ற ஒரு பெண் சிரித்துவிட்டார். நான் துண்டை எடுத்து, தலைப்பு, முகூர்த்தம், மண்டபம் இருக்கும் வீதி வரை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். பிள்ளையின் பெயர் கிழிந்துபோயிருந்தது. இருந்திருந்தால் அதை மட்டும் விட்டிருப்பேன். போன் கவர் வாங்க வந்த ஒருவர் கையிலிருந்ததைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே போனார். அதைக் கண்டதும் முதலாளி அவசரப்படத் தொடங்கினார். கடைப் பெண் தொலைபேசியைக் கீழே வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஒட்டுப் பிரியாத பெட்டியொன்று மேல்தட்டிலிருந்து இறங்கியது. அங்கேயே பிரித்து ஒரு தாள் அடித்துக் காட்டச் சொன்னேன். துப்புரவாக வந்தது. மன்னிப்பு என்ற சொல் மட்டும் அந்தக் கடையில் ஸ்டொக்கில் இல்லை. பெட்டியைக் கட்டித் தரும்போது, "வெளியில ஒருத்தருக்கும் கதையாதையுங்கோ தங்கச்சி," என்றார், நான் ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவள் போல.

பின்னேரம் கணவர் வந்து புதுப் பிரின்டரைப் பார்த்தார். "நான் சொன்னனான், பொறுமையா இருந்தா மாத்தித் தருவாங்கள் எண்டு."

அவர் அப்படிச் சொல்லவேயில்லை. மூத்தவள் என்னைப் பார்த்தாள். இருவரும் மூடியைக் கழற்றிய கதையை அவருக்கு முதலிலிருந்து சொன்னோம். மகள்தான் கூடுதலாகக் கதைத்தாள். இரண்டு தடவை நான் மறந்ததைத் திருத்தவும் செய்தாள். ஒரு வார்த்தை கதைக்கத் தெரியாத பிள்ளை என்று நினைத்த அந்த முதலாளி அதைக் கேட்டிருக்கவேண்டும்.